தங்கையின் குரலுக்கு எழுதிய ஃபங்ஷன்

என்னைவிடச் சின்னவள் என்ற அடக்கம் என் தங்கைக்கு ஒருநாளும் இருந்ததில்லை. நான் எழுதும் புரோகிராமில் தப்பு இருக்கிறது என்று, புரோகிராம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்திலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி நேரம் அவள் சொன்னது சரியாகவும் இருந்து தொலைத்தது.

எங்கள் அப்பா கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தவர். நாங்கள் போன சபையோ சுரங்கக் குடும்பங்களின் சபை. அவர்களுடைய தாத்தாக்கள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் நாங்கள் பின்னால் வந்து பெஞ்சு பிடித்தவர்கள். 'ஃபேக்டரிக்காரங்க' என்று எங்களுக்குத் தனிப் பெயரே உண்டு. அன்பாகத்தான் சொல்வார்கள், ஆனால் சொல்வார்கள்.

அந்தப் பெயரை அழித்தது தங்கையின் குரல்.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை கேரல் ஆராதனை நடக்கும். விளக்குகளையெல்லாம் அணைத்துவிடுவார்கள். பாடகர் குழு பின்வாசலில் மெழுகுவர்த்தியோடு நிற்கும். முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரே ஒரு பெண்குரல், வாத்தியம் எதுவும் இல்லாமல், இருட்டில் எடுக்க வேண்டும். இரண்டாம் சரணத்தில்தான் மற்றவர்கள் சேர்ந்து உள்ளே நடப்போம். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன வழக்கம். அவர்கள் போய் எத்தனையோ காலம் ஆகியும் அதில் கை வைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தச் சரணம் சுரங்கக் குடும்பத்துப் பெண்களுக்கே என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. என் தங்கை பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அதை வாங்கிவிட்டாள். ஒரு வருடம் முதலில் பாட இருந்தவளுக்குக் காய்ச்சல், அவளுக்குப் பதில் இவள் பாடினாள். அடுத்த வருடம் யாரும் வேறு பெயரைப் பேசவே இல்லை. அதற்குப் பிறகு தங்கவயலில் மாரிகுப்பத்திலிருந்து பாலகாட் வரை எங்கள் அம்மாவுக்குப் பெயர் போய், 'அந்த முதல் சரணம் பாடற பொண்ணோட அம்மா' என்றாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

நான் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல். கும்பலில் கோவிந்தா போடுகிற குரல். பொறாமை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அவள் பாடத் தொடங்கினால் போய்விடும்.

நான் வேலை பார்த்தது பெங்களூரில், தொலைபேசி இணைப்பகங்களுக்கு மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில். விடியற்காலை ரயிலில் ஏறினால் பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் பெட்டியின் ஒரு மூலையில் சீட்டாட்டமும் இன்னொரு மூலையில் ஜெபக்கூட்டமும் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படித்தேன். அதற்குமுன் எனக்குத் தெரிந்தது சி மொழி. எங்கள் சீனியர் ஒருவர் சி-யில் எழுதினால் எல்லாம் பொதுச் சொத்து. ஒரு மதிப்பை எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் மாற்றலாம். கூட்டுக்குடும்பத்துச் சாம்பார் மாதிரி, போகிற வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கை உப்புப் போட்டுவிட்டு, கரிக்கிறதே யார் போட்டது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள். அந்த உப்பைத் தேடியே என் இளமையில் பாதி போனது.

லிஸ்ப் குழுவுக்கு மாற்றியபோது அங்கே வேறு ஒழுக்கம் இருந்தது. ஃபங்ஷன் என்பது ஒரே ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு. அதனிடம் எதைக் கொடுத்தாலும் அது அதைத் தொடாது. அதைப் பார்த்துப் புதிதாக ஒன்றைச் செய்து வெளியே கொடுக்கும். கொடுத்தது கொடுத்தபடியே இருக்கும். அதே உள்ளீட்டுக்கு இன்றைக்கும் அதே விடை, பத்து வருடம் கழித்தும் அதே விடை. கோபதாபம் இல்லை, நேற்று நடந்தது ஞாபகம் இல்லை. என் குணத்துக்கு நேர் எதிர். அதனால்தான் எனக்கு அது அத்தனை பிடித்ததோ என்னவோ.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன். கரண்ட் இருக்கும் நேரத்தில் அது ஓடும். தங்கை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் டைப்பிங்கைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். "இதுக்கு ஒரு கோழிய வுட்டா அது இன்னும் வேகமா கொத்தும்" என்பாள்.

கோயிலில் பாட்டுத் தாள்கள் போதாமல் மூன்று பேருக்கு ஒன்று என்று பார்த்துப் பாடிக்கொண்டிருந்தோம். கையால் எழுதிய பிரதிகள். எழுதியவர் தூங்கி வழிந்த இடமெல்லாம் சுரம் மாறியிருக்கும். நாமே அடித்துக் கொடுக்கலாம் என்று தங்கைதான் சொன்னாள். எங்கள் குழுவில் ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு படிப்பவர் கீபோர்டு வாசிப்பவரைத் தவிர யாரும் இல்லை. அவரும் பாதி நேரம் கார்டு என்கிற சுரக்கூட்டுகளின் பெயர்களை வைத்தே ஓட்டிவிடுவார். மற்ற எல்லோருக்கும் சோல்ஃபாதான். டோ, ரே, மி, ஃபா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஆங்கில எழுத்து, தாளத்துக்கு முக்காற்புள்ளி, தாள அளவு ஒன்று முடிந்தால் நிலைக்கோடு, மேல் ஸ்தாயி என்றால் எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கீறல். அத்தனையும் டைப்ரைட்டரில் இருக்கும் குறிகள். அதாவது, முழுப் பாட்டும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. லினக்ஸுக்குத் தாயான யூனிக்ஸ் பழகியவளுக்கு அதைவிட என்ன வேண்டும்? வரிகளைத் தேட கிரெப் இருக்கிறது, பத்தி பத்தியாகப் பிரிக்க ஆக் இருக்கிறது, ஒன்று துப்பியதை இன்னொன்றின் வாயில் ஊற்ற பைப் இருக்கிறது. சின்னச் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றும் தன் ஒரு வேலையை மட்டும் பார்க்கும். பக்கத்து வீட்டு வம்புக்குப் போகாது.

ஞாயிறு மதியங்களில் உட்கார்ந்தோம். ஒரே பாட்டை அவள் ஒரு கோப்பில் அடிப்பாள், நான் இன்னொரு கோப்பில் அடிப்பேன். பிறகு டிஃப் ஓட்டுவோம். இரண்டும் எங்கே மாறுகிறதோ அந்த வரியை மட்டும் அது காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாது. மாறிய வரியை மூலத்தாளோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தப்பு என்னுடையது. எங்கள் சண்டைகளை அம்மா தீர்த்ததைவிட டிஃப் நன்றாகத் தீர்த்தது. அம்மா எப்போதும் சின்னவள் பக்கம். டிஃப்புக்கு அந்தப் பாரபட்சம் இல்லை. ஆனாலும் அவள்தான் ஜெயித்தாள்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு முன் பாடகர் குழு மாஸ்டர், ஒரு பாட்டு உச்சக்குரல் பாடும் சொப்ரானோக்களுக்கு எட்டவில்லை, கொஞ்சம் இறக்கி அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். பட்டியல் ஒன்று, அதிலுள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஃபங்ஷனை ஓட்ட வேண்டும். லிஸ்ப்பில் அதற்கு மேப் என்று பெயர். ஒரு படி இறக்கும் சின்ன ஃபங்ஷன் எழுதினேன்: ரே வந்தால் டோ, மி வந்தால் ரே, டோ வந்தால் கீழ் ஸ்தாயி டி. பாட்டு முழுக்க ஓட்டினேன். நாலு குரலுக்கும் அழகாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாஸ்டர் கை தூக்கினார், பாடினோம். இரண்டு அளவு தாண்டுவதற்குள் பாட்டு எங்கோ இழுத்துக்கொண்டு போனது. சாவு வீட்டில் பாடுவதற்குக்கூட அது ஆகாது. மாஸ்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தங்கை பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, சோல்ஃபாவுல சுரத்த ஏன் தொட்ட? மேல 'கீ'ன்னு ஒரு எழுத்து போட்டிருக்குதே, அத மாத்தினா போதாது?"

அதுதான் விஷயம். சோல்ஃபாவில் டோ என்பது எந்த உயரம் என்று தாளின் தலையில் ஒரே ஓர் எழுத்து சொல்லும். அதை மாற்றினால் பாட்டு மொத்தமும் தானாக ஏறும், இறங்கும். சுரங்களுக்கு நடுவிலான தூரங்கள் ஒன்றுபோல் இல்லை என்பதால், நான் செய்தது மாதிரி ஒவ்வொன்றாக நகர்த்தினால் மெட்டே வேறாகிவிடும். குழந்தையிலிருந்து சோல்ஃபா பாடியவள், ரயிலில் தினமும் லிஸ்ப் படித்தவள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் நின்றேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய ஆனையைப் பார்த்துக் கோயிலே சிரித்தது.

மறுநாள் ரயிலில்தான் எனக்கு அது உறைத்தது. எங்கள் பாட்டுப் புத்தகத்தில் இருப்பது பாட்டே இல்லை, ஃபங்ஷன். சுருதி என்ற ஓர் உள்ளீட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கொடுத்தால் பாட்டாகும். வேறு கொடுத்தால் வேறு உயரத்தில் அதே பாட்டாகும். மூலம் அப்படியே இருக்கும். வீணாகப்போன என் மேப்பைக் கீபோர்டுக்காரருக்குப் பயன்படுத்தினேன். அரைச்சுரக் கணக்கில் திருத்தியதும், அவருடைய கார்டு பெயர்களை இறக்க அது கச்சிதமாகப் பொருந்தியது. வீட்டில் தங்கை என்னை ஒரு வருடம் 'சாவு மெட்டு' என்று கூப்பிட்டாள்.

அவள் கழுத்தில் அந்தக் கட்டியை முதலில் பார்த்தவள் நான். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருட ஆராதனைக்குச் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். எச்சில் விழுங்கியபோது ஏதோ ஒன்று ஏறி இறங்கியது. சின்ன நெல்லிக்காய் அளவு. வலிக்கவில்லை என்றாள். பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரிசோதனை முடிவு வந்தபோது மருத்துவர் எங்களை உட்காரவைத்து, கட்டி நல்லது இல்லை, எடுத்தாக வேண்டும் என்றார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டி இருக்கும் தைராய்டு சுரப்பியை உரசிக்கொண்டுதான் போகிறது, முடிந்தவரை காப்பாற்றப் பார்ப்போம் என்றும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்குள் பாட முடியுமா என்று தங்கை கேட்டாள். அவர் பேனாவை மூடினார்.

கட்டி நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது. நரம்போடுதான் எடுக்க முடிந்தது.

உயிர் தப்பியது என்றார்கள். அது உண்மை. அந்த மருத்துவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் எல்லோர் மேலும் கோபப்பட்டேன். பார்க்க வந்து ஆரஞ்சு வைத்துவிட்டு 'கர்த்தர் பார்த்துப்பார்' என்றவர்கள்மேல், கர்த்தர்மேல், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த மற்ற சொப்ரானோக்கள்மேல். அறுவை முடிந்து கண் விழித்ததும் அவள் தண்ணீர் கேட்டாள். அது குரல் இல்லை, காற்று. தொண்டையில் குழாய் வைத்திருந்தார்கள், அதனால் இருக்கும், நாலு நாளில் சரியாகும் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பினார். சொன்ன நானும் நம்பினேன்.

என் வேலையில் எதுவும் தொலையாது. ஒரு கோப்பைத் திருத்தினால் பழையது ஆர்சிஎஸ் என்ற காப்புப் புரோகிராமில் பத்திரமாக இருக்கும். கேட்டால் போன வருடத்துக் கோப்பும் வரும். எங்கள் பாட்டுக் கோப்புகள் அத்தனைக்கும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிரதி இருந்தது. தங்கையின் குரலுக்குப் பிரதி இல்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதில் ஒரு கேசட் கிடைத்தது. யாரோ கோயிலின் கடைசி பெஞ்சிலிருந்து பதிவு செய்தது. முதல் சரணம் முழுக்க ஒரு குழந்தை அழுகிறது. அதற்குப் பின்னால், எங்கேயோ, அவள். அடுத்த வருடமும் அந்தக் குரல் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறோம். ஓடுகிற குழாயிலிருந்து யார் தண்ணீர் பிடித்து வைப்பார்கள்?

வீட்டுக்கு வந்ததும் நான் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். புரோகிராம் எழுதினேன்.

அதற்குள் பாட்டுப் புத்தகத்தில் பெரும்பகுதி எங்கள் கோப்புகளில் ஏறிவிட்டிருந்தது. ஒரு பாட்டில் ஒரு குரலுக்குரிய எல்லாச் சுரங்களையும் வரிசையாக மடித்துக்கொண்டே போய் அதன் உச்சி எது, அடி எது என்று இரண்டே இரண்டு எண்களாகச் சுருக்கும் ஃபங்ஷன் ஒன்று. நாலு குரல்களுக்கும் அந்த இரண்டும் அவரவர் எல்லைக்குள் விழும்படி பன்னிரண்டு சுருதிகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன் ஒன்று. இருந்தால் அந்தப் பாட்டை வைத்துக்கொள், இல்லையென்றால் விடு என்று புத்தகம் முழுவதையும் சலிக்கும் சல்லடை ஒன்று. எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்கூட வராது. என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சுத்தமான புரோகிராம் அது. உள்ளே தங்கையின் குரல் தொடும் அடிச்சுரமும் உச்சிச்சுரமும் போகும். வெளியே அவள் பாடக்கூடிய பாட்டுகள் வரும்.

சனிக்கிழமைதோறும் அவளை ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்தேன். கட்டையை ஒவ்வொன்றாக அழுத்தி 'ஆ' என்பாள். எங்கே காற்று மட்டும் வருகிறதோ அங்கே நிறுத்துவோம். நான் அடித்துப் பார்ப்பேன். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு பாட்டுதான் வந்தது. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்யச் செய்ய, கோடைக்குள் திரை பாதி நிறைந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம். பாடுடி" என்பார். அவருக்குத் திரையில் ஓடும் ஒவ்வொரு வரியும் கிறிஸ்துமஸுக்கு ஒரு படி. எனக்கும்தான்.

ஆனால் கேரல் ஆராதனையின் அந்த முதல் பாட்டு மட்டும் வரவில்லை. அதன் அடிக்கும் உச்சிக்கும் நடுவில் தூரம் அதிகம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன். உச்சிக்காகச் சுருதியை இறக்கினால் சபையில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவர்கள் தரைக்குக் கீழே போகவேண்டியிருக்கும். அந்த வருடம்தான் சுரங்கத்தை மூடினார்கள். குழுவில் பல குடும்பங்கள் பெங்களூருக்குப் போய்விட, மிஞ்சிய பேஸ்காரர் ஒருவர், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கேஜில் இறங்கியே வயதைக் கழித்தவர். தங்கைக்காக ஒரு பாட்டை நான் இறக்கியிருந்த ஞாயிறன்று அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இன்னும் எத்தினி லெவலு இறக்குவம்மா? அதுக்குக் கீழ கேஜே போவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாப்பாவுக்காக என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கு, நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னார். வேலை போன வருடத்தில் அவர் எனக்குச் சொன்னது அது.

மழைக்காலத்தில் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. தொண்டை புண்ணாகிக் கஞ்சி மட்டுமே இறங்கியது. சனிக்கிழமைப் பட்டியல் சுருங்க ஆரம்பித்தது. நான் அதற்கு விடை கண்டுபிடித்தேன்: சல்லடையின் கண்களைப் பெரிதாக்கினேன். பேஸின் எல்லைக்குள் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்தேன். சில பாட்டுகள் திரும்பி வந்தன. அடுத்த வாரம் ஆண்களின் மேல்குரலான டெனரை எடுத்தேன். அதற்கடுத்து என் ஆல்டோவையும் எடுத்தேன். கடைசியில் உலகத்தில் அவள் ஒருத்தி மட்டும் பாடினால் போதும் என்ற அளவுக்குப் புரோகிராம் சிறுத்துவிட்டது. ஒவ்வொரு திருத்தமும் சுத்தமாக, இலக்கணப்படி இருந்தது. தவறான விடை ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் பிறந்து வந்த சனிக்கிழமை மதியம். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். தங்கை கட்டைகளை அழுத்தினாள், நான் இரண்டு சுரங்களையும் அடித்து என்டர் தட்டினேன். திரையில் ஓர் அடைப்புக்குறி திறந்தது, உடனே மூடியது. நடுவில் ஒன்றும் இல்லை.

"இன்னாக்கா, கெட்டுப்போச்சா?" என்றாள். அந்தக் குரலில் அது கேள்வியா இல்லையா என்பது கேட்காது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கெடவில்லை என்று சொன்னேன். லிஸ்ப்பில் அது காலிப் பட்டியல். பிழை என்றால் கம்ப்யூட்டர் கத்தியிருக்கும். இது பிழை இல்லை. மற்ற எல்லா விடைகளையும் போல ஒரு விடை. எல்லாப் பாட்டையும் பார்த்துவிட்டேன், உனக்கு ஒன்றும் இல்லை என்கிற விடை. இதை அவளிடம் விளக்கிக்கொண்டிருந்த என் வாயை நானே அடைக்க நினைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

நான் நிறுத்தவில்லை. கேரல் பாட்டின் முதல் சரணத்தைத் திறந்தேன். உச்சியில் இருக்கும் சுரங்களை எடுத்துவிட்டு அங்கே கீழ்ச் சுரங்களை வைக்கலாம், நாலைந்து இடம்தான், இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது, மெட்டு கொஞ்சம் தட்டையாகும், அவ்வளவுதான் என்று வேகவேகமாகச் சொன்னேன். முதல் சுரத்தின் மேல் கர்சரை வைத்தேன். அவள் எழுந்து வந்து என் கைமேல் கை வைத்தாள்.

"வேணாங்க்கா. பாட்டு எனக்காக இறங்கி வர வேணாம். அது அங்கயே இருக்கட்டும்."

"அப்போ யாருடி பாடுவா?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். எங்கள் குழுவில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். அக்டோபரிலிருந்து சாயங்காலங்களில் தங்கை அவளை இன்ஸ்டிட்யூட்டுக்கு வரச்சொல்லி, மெஷின்களெல்லாம் மூடிய பிறகு, முதல் சரணத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பாடிக்காட்ட முடியாததால் கையால் காட்டி, பலகையில் எழுதி. நன்றாக வருகிறது. மாஸ்டருக்குத் தெரியும். அம்மாவுக்கும் போன வாரம் சொல்லியாகிவிட்டது. நான் பெங்களூர் ரயிலில் வந்துகொண்டிருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "அப்போ சனிக்கிழம சனிக்கிழம என்கிட்ட உக்காந்து பாடினது இன்னாத்துக்குடி?"

"உனக்குதாங்க்கா," என்றாள். "நீ ஆசையா உக்காந்துகினு இருந்த. எப்டி சொல்றது?"

அந்தக் கோடை முழுதும், மழை முழுதும், புண்ணான தொண்டையோடு, என் நம்பிக்கை உடைந்துவிடக்கூடாது என்று அவள் கட்டை கட்டையாக அழுத்திப் பாடியிருக்கிறாள். நான் கீபோர்டின் மேலேயே தலையை வைத்து அழுதேன். திரை முழுக்க ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் தலையைத் தூக்கி நகர்த்திவிட்டு, கோப்பைச் சேமிக்காமல் மூடினாள்.

கேரல் ஆராதனையன்று அவள் என் பக்கத்தில், ஆல்டோ வரிசையில் நின்றாள். கழுத்தில் தழும்பு தெரியாமல் இருக்க அம்மா கொடுத்த ஸ்கார்ஃபை வாசலிலேயே அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். விளக்கு அணைந்தது. நர்ஸ் பெண் மூச்சை இழுத்து, பழைய சுருதியில், ஒரு சுரமும் மாறாமல் எடுத்தாள். அவள் நன்றாகப் பாடினாள். அது எனக்குத் தாங்கவில்லை. கொஞ்சமாவது பிசகட்டும் என்று கோயில் வாசலில் நின்று நான் வேண்டிக்கொண்டது நிஜம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தேன். என் தங்கையின் வாய் மூடியே இருந்தது. பாட்டு மேலே ஏறிய இடங்களிலெல்லாம் தழும்பு ஏறியது, இறங்கிய இடங்களில் இறங்கியது. சரணம் முடியும்வரை, ஓசையே இல்லாமல், முழுக்க அவள் பாடினாள்.

இரண்டாம் சரணத்துக்கு மாஸ்டரின் கை எழுந்தது. எனக்கு வாய் திறக்க வரவில்லை. அவள் முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடித்தாள். நான் பாடினேன். அவளுக்குக் கேட்கும்படி நன்றாகவே பாடினேன், கும்பலில் கோவிந்தா போடுகிற இந்தக் குரலை எடுத்துக்கொண்டு கர்த்தர் அவள் குரலை விட்டிருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே.